தெம்பு இருக்கும்போதே எழுதிவையுங்கள்



குளுவாங் பக்கம் வயதான பால்மரத் தொழிலாளி ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். பக்கவாதம். கையும் பேச்சும் போய்விட்டன. "ஐயா, அப்பா சேமநிதியில யார் பேரு போட்டிருக்காரு?" என்று மகள் கேட்டாள். அவருக்குத் தெரியும், சொல்ல முடியவில்லை.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. இதற்கு மருந்து முன்கூட்டியே எழுதிவைப்பதுதான்.

1. சேமநிதி: ஐ.சி.யோடு அலுவலகம் சென்று வாரிசின் பெயரைப் பதியுங்கள், செலவில்லை. பதிந்தவர் இறந்துவிட்டால் வேறு பெயர் கொடுங்கள். பெயரே இல்லாவிட்டால் குடும்பம் பத்திரங்களுக்காக அலையும்.

2. உயில்: 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டு சாட்சிகள் சேர்ந்திருக்கும்போது கையொப்பமிட வேண்டும். சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சி நின்றால் அந்தப் பங்கு போய்விடும். பிறகு கல்யாணம் செய்தால் பழைய உயில் ரத்தாகும். புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதுங்கள்; ஞாபகம் தடுமாறிய பின் எழுதினால் வழக்கு வரும்.

உயில் இல்லையென்றால் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பிரிக்கும்: மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். (முஸ்லிம் தோழர்களுக்குச் சட்டம் வேறு.) இரவு பகல் கஞ்சி ஊட்டிய மகளுக்கும், எட்டிப் பார்க்காத மகனுக்கும் ஒரே பங்கு. கழுவித் துடைத்த மருமகளுக்கு ஒன்றும் இல்லை!

ஐ.சி., சேமநிதி, சொக்சோ தாள்கள், கல்யாணப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, இருக்குமிடத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். விளங்காவிட்டால் சங்கக் கிளைச் செயலாளரைக் கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.