எட்டு வருஷக் கணக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது.  உன் அம்மாவின் மூட்டுவலி தேவலையா? தைலம் அனுப்பியிருந்தேனே, தேய்த்தாளா இல்லையா என்று கேட்டு எழுது.

நேற்று உன் அப்பா போனில் முக்கால் மணி நேரம் பேசினார். வீட்டில் மூன்று சட்டக் கல்லூரிகளின் வழவழப்பான புத்தகங்கள் இருக்கின்றனவாம். ஒன்றின் அட்டையில் கறுப்புக் கோட்டு போட்ட பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாளாம். "மாப்ளே, இதுல எது நல்ல காலேஜ், நீயே சொல்லிரு" என்றார். அப்படிப் போனில் சொல்லி வைத்துவிடுகிற காரியமில்லை இது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் மாமா வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. படித்தது பழைய எஸ்.எஸ்.எல்.சி. ஆனால் 34 வருஷத்தில் எங்கள் ஆபீஸுக்கு ஜூனியராக வந்துபோன முப்பது, நாற்பது பேரை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். யார் எந்தக் கல்லூரி என்பது முதல் வாரம்தான் பேச்சாக இருக்கும். அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை. கட்சிக்காரர் ஒருத்தர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். வெளிமாநிலத்தில் நல்ல பெயருள்ள ஒரு கல்லூரியில் ஐந்து வருஷம் படித்துவிட்டு வந்தான். கெட்டிக்காரன். எண்பது பக்கத் தீர்ப்பை அரை மணி நேரத்தில் படித்து, சாரம் இரண்டு வரியில் சொல்வான். சீனியரே அசந்துபோவார். அவனுக்குக் கல்விக் கடன் பத்து லட்சம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை வங்கி பொறுத்துக்கொள்ளும், பிறகு தவணை ஆரம்பம். பத்து லட்சம், 10 சதவீத வட்டி, பத்து வருஷம் என்று போட்டால் மாதத் தவணை 13,000 ரூபாய்க்கு மேல் வரும். படிக்கிற காலத்து வட்டியைத் தனியாகச் சேர்த்துக்கொள். ஜூனியருக்கு அன்று எங்கள் ஆபீஸில் கொடுத்தது பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். பதினாலாவது மாதம் பெங்களூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். போகிற அன்று கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சிருந்தா நின்னுருப்பேன்" என்றான். அவன் சொன்னது நிஜம்.

வக்கீல் தொழிலில் வருமானம் தாமதமாகத்தான் வரும். டாக்டருக்கும் இன்ஜினீயருக்கும் உள்ள கணக்கு இங்கே செல்லாது. 2024-ல் தமிழ்நாடு பார் கவுன்சில், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை நல்ல சுற்றறிக்கைதான். கையில் எவ்வளவு வரும் என்பது நீ போய்ச் சேருகிற சீனியரைப் பொறுத்தது. சரி, நீதிபதித் தேர்வு எழுதிவிடலாம் என்றால், சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்லிவிட்டது. ஆக, எந்த வழியில் போனாலும் படிப்பு ஐந்து, அதற்கு மேல் கைவறண்ட மூன்று. உன் அப்பா ஐந்து வருஷ ஃபீஸைத்தான் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ எட்டு வருஷத்துக்குக் கூட்டு. கடைசி மூன்று வருஷம் தாக்குப்பிடிக்கக் காசு மிச்சம் வைக்கிற கல்லூரிதான் உனக்குக் கட்டுப்படியாகிற கல்லூரி.

இப்போது உன் மூன்று புத்தகங்களுக்கு வருவோம்.

முதல் புத்தகமான தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பெங்களூரில் தொடங்கியது முதல் அது தனி ரகம். நம் திருச்சியிலேயே நாவலூர்குட்டப்பட்டில் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தனி இடங்களும் உண்டு. ஆனால் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு லட்சங்களில் போகும். அதற்கான கிளாட் தேர்வு முழுக்க ஆங்கிலத்தில், டிசம்பர் மாதமே நடந்து முடிந்துவிடும். இந்த வருஷம் அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. கோச்சிங்குக்குப் பணம் கட்டி ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து எழுதலாம். பெரிய கம்பெனி, பெரிய சட்ட நிறுவனம்தான் வேண்டும் என்றால் அது தப்பில்லை. கோவில்பட்டி கோர்ட்டில் நின்று வாதாட வேண்டும் என்றுதானே நீ என்னிடம் சொன்னாய்?

இரண்டாவது புத்தகத்தை, அந்தச் சிரிக்கிற பெண்ணோடு சேர்த்து, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடு. "வாரம் ஒருநாள் வந்தால் போதும், அட்டெண்டன்ஸை நாங்க பாத்துக்கிறோம்" என்று அந்தக் கல்லூரியின் ஏஜென்ட் சொன்னதாக உன் அப்பா சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. வகுப்புக்குப் போகாமல் வாங்குகிற பட்டத்துக்குக் கோர்ட் வளாகத்தில் 'லெட்டர் பேடு காலேஜ்' என்று பெயர். நாளைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டினால், ஏஜென்ட் போனை எடுக்க மாட்டான். எந்தக் கல்லூரியானாலும் சரி, இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, அங்கீகாரம் எந்த வருஷம் வரைக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தைத் தொட வேண்டும்.

மூன்றாவது புத்தகத்தில் உள்ள தனியார் கல்லூரி மோசமில்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் பக்கத்தில் கோர்ட் இல்லை. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

1891-ல் ஆரம்பித்த சென்னைச் சட்டக் கல்லூரி ஹைகோர்ட்டை ஒட்டியே இருந்தது. வகுப்பு முடிந்து நாலு எட்டு வைத்தால் கோர்ட் ஹால். அங்கே படித்த பழைய வக்கீல்கள், பாதிச் சட்டத்தைக் கேலரியில் நின்றுதான் படித்தோம் என்பார்கள். 2018-ல் அந்தக் கல்லூரியைப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் கொண்டுபோனார்கள். கட்டடம் புதிதுதான். மதியம் நடந்துபோய்ப் பார்க்கக் கோர்ட்தான் பக்கத்தில் இல்லை.

புத்தகங்களை விட்டுவிட்டு அரசுக் கல்லூரிகளுக்கு வருவோம். நெல்லையில் அரசு சட்டக் கல்லூரி 1996 முதல் இருக்கிறது. மதுரையில் 1974 முதல். இரண்டு ஊரிலும் மாவட்ட நீதிமன்றம் உண்டு. மதுரையில் கூடுதலாக ஒத்தக்கடை பக்கம் ஹைகோர்ட் கிளையும் இருக்கிறது. எந்த அரசு சட்டக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் கொடுப்பது ஒரே பல்கலைக்கழகம், சென்னையில் உள்ள டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். அதே பாடத்திட்டம், அதே கேள்வித்தாள். நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம். பல்கலைக்கழகமே நடத்துகிற சீர்மிகு சட்டப் பள்ளி பெருங்குடியில் இருக்கிறது. நல்ல இடம், ஆனால் ஃபீஸ் அரசுக் கல்லூரியைவிடப் பல மடங்கு, சென்னைச் செலவு வேறு. அதற்குத் தனி விண்ணப்பம். போட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

அரசுக் கல்லூரி என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கும், கௌரவ விரிவுரையாளரை வைத்து ஓட்டுவார்கள், ஸ்ட்ரைக் நடக்கும். அதனால் சேருகிறதற்கு முன்னால் நேரில் போய்ப் பார். விழா நாளில் போகாதே. சாதாரண புதன்கிழமை, காலை பதினொன்றரைக்குப் போ. வகுப்பில் வாத்தியார் நிற்கிறாரா என்று ஜன்னல் வழியாகப் பார். லைப்ரரியில் நுழைந்து, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு உரைநூல் இருக்கிறதா, அதன் முதுகு கசங்கியிருக்கிறதா என்று பார். இன்னும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டப் புத்தகம்தான் அலமாரி நிறைய என்றால் யோசி.

அப்புறம் கடைசி வருஷப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் அவர்களுடைய டிராஃப்டிங் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கு. பிராது, எதிருரை, கிரயப் பத்திரம் எல்லாம் எழுதிப் பழக வேண்டும் என்பது கட்டாயப் பாடம். இரண்டு நோட்டிலும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தால், போன வருஷ நோட்டைப் பார்த்து எழுதியது என்று அர்த்தம். அங்கே அந்தப் பாடம் நடக்கவில்லை.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆபீஸில் நடந்தது. ஒரு ஜூனியர் பிராது எழுதினான். பாரா எல்லாம் அழகு. கடைசியில் சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதும்போது, ஓடைக்குக் கிழக்கு என்பதை ஓடைக்கு மேற்கு என்று போட்டுவிட்டான். நானும் டைப் அடிக்கும்போது கவனிக்கவில்லை, என் தப்பும்தான். கோர்ட் அனுப்பிய கமிஷனர் நிலத்தில் போய் நின்றபோதுதான் ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. திருத்த மனு போட்டு, எதிர்த்தரப்பு ஆட்சேபித்து, வாய்தா மேல் வாய்தாவாக எட்டு மாதம். வாதி ஒரு கிழவி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாங்குநேரிப் பக்கமிருந்து பஸ் ஏறி வருவாள். நோட்டில் உண்மையாக எழுதிப் பழகியவனுக்கு அந்தக் கை தவறாது.

உனக்கு ஆங்கிலம்தான் பயம் என்று தெரியும். கீழ்க்கோர்ட்டில் தமிழ் ஓடும். ஹைகோர்ட்டில் ஆங்கிலம் இல்லாமல் முடியாது. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்து இணையதளத்தில் போடுகிறது. ஒரே தீர்ப்பைத் தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம் என்று வாரத்துக்கு ஒன்று படி. இதற்கு எந்தக் கல்லூரியும் ஃபீஸ் கேட்காது.

நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் சட்டப் படிப்புக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் ஃபீஸை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் பெயருக்கே வரும். வக்கீலாகப் பதிவு செய்கிற கட்டணம்கூட முன்பு பல ஆயிரம். 2024-ல் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 என்று நிறுத்திவிட்டது. கோவில்பட்டியிலிருந்து நெல்லைக்கு ரயிலில் ஒரு மணி நேரம், சீசன் டிக்கெட் போதும். ஹாஸ்டலுக்கு வைத்திருக்கிற பணத்தை உன் பெயரில் டெபாசிட் போடச் சொல்லி உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன். அந்தப் பணம்தான் உன் ஆறாம், ஏழாம், எட்டாம் வருஷம்.

என் முடிவைக் கேட்டால், நெல்லை முதல், மதுரை இரண்டாவது. மற்றதெல்லாம் அப்புறம்.

வருகிற புதன்கிழமை காலை ரயிலில் வா, ஜங்ஷனில் நிற்கிறேன். கல்லூரியைப் பார்த்துவிட்டு மதியம் கோர்ட்டுக்குப் போவோம். ஒரு குறுக்கு விசாரணை இருக்கிறது, பின்வரிசையில் உட்கார்ந்து பார். வருகிறதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போய், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாய் என்ற சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கிவிடு. ஆறாம் வகுப்பு வேறு பள்ளியென்றால் அங்கேயும் போக வேண்டும். கடைசி நாளில் ஓடினால் அவர் லீவில் இருப்பார்.

அன்புடன்,
மாமா