போல்ட் ஏன் அறுகிறது?

எங்கள் பட்டறையில் மோட்டார் பிராக்கெட்டின் எம்12 போல்ட் அடிக்கடி குறுக்காக அறுந்துபோகிறது. இன்னும் பெரிய போல்ட் போடலாமா?
– வாசகர், கோவை

முதலில் இறுக்கத்தைப் பாருங்கள்! தகடுகளை அழுத்திப் பிடிப்பதுதான் போல்ட்டின் வேலை. சுமையைத் தாங்குவது தகடுகளுக்கு இடையிலான உராய்வு. இறுக்கம் தளர்ந்தால் தகடுகள் நழுவி, கத்தரிக்கோல் போலப் போல்ட்டை வெட்டும்.

அறுந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மரையில் அறுந்திருக்கிறதா? அப்படியென்றால் போல்ட் தேர்விலும் கோளாறு. எம்12 போல்ட்டின் வழுவழுப்பான தண்டுக்குக் குறுக்குப் பரப்பு 113 சதுர மி.மீ.; மரைப் பகுதிக்கு 84தான். தகடுகள் சேரும் இடத்தில் மரை வராமல் தண்டு வரும்படி வாங்கி, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அதிர்வு அதிகமென்றால் இரண்டு டவல் பின் அடித்துவிடுங்கள். வெட்டு விசையை அவை வாங்கிக்கொள்ளும்.

தளர்ந்தால் பெரிய போல்ட்டும் அறுந்துதான் போகும்.