எல்லையோரச் சிற்றூர்களும் உலகப் போதைமருந்துக் கொள்கையும்
தன்னார்வ அமைப்புகள் ஆற்றிய பங்கு

கேரள மாநிலத்தின் தென்கோடியில் திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யாற்றின்கரை வட்டம் அமைந்துள்ளது. அவ்வட்டத்துப் பாறசாலையைக் கடந்தால் சிறிது தொலைவிலேயே தமிழ்நாட்டின் களியக்காவிளை வந்துவிடுகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு இவ்வாறு வகுக்கப்பட்டாலும் மக்களின் உறவும், சந்தையும், பேச்சும் அக்கோட்டைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் வழங்கும் ஊர்கள் இப்பகுதியில் உள்ளன.

போதைமருந்துக் கொள்கை என்றதும் இப்பகுதி மக்களின் நினைவுக்கு முதலில் வருவது அமரவிளை கலால் சோதனைச் சாவடியாகும். கடத்தலைத் தடுப்பது அரசின் கடமை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் அக்கொள்கைக்கு இரண்டாவது முகம் ஒன்றும் உண்டு. புற்றுநோயின் முற்றிய நிலையில் வலியால் துடிக்கும் ஒருவருக்கு மார்ஃபின் மாத்திரை உரிய நேரத்தில் கிடைக்கிறதா என்பதே அது. சாவடியில் தடுக்கப்படும் பொருளும் நோயாளியின் படுக்கையருகே தேவைப்படும் மருந்தும் ஒரே சட்டத்தின் கீழ் வருகின்றன. இவ்விரு கடமைகளுள் இரண்டாவது நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. அதனை அரசுகளின் கவனத்திற்கும் உலக மன்றங்களின் கவனத்திற்கும் கொண்டு சென்றதில் தன்னார்வ அமைப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு; அவற்றுள் கேரள அமைப்புகள் குறிப்பிடத்தக்கவை.

உலகக் கட்டுப்பாட்டின் தோற்றம்

போதைமருந்துகள் குறித்த அனைத்துலக ஒழுங்குமுறை தன்னார்வ இயக்கங்களின் தூண்டுதலுடனேயே தொடங்கியது எனலாம். இந்தியாவிலிருந்து சீனாவுக்கு அபின் விற்கப்பட்டதை எதிர்த்து இங்கிலாந்தில் 1874இல் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. சமயத் தொண்டர்களும் சமூகச் சீர்திருத்தக்காரர்களும் நடத்திய இத்தகைய கிளர்ச்சிகளின் பின்னணியில் 1909இல் ஷாங்காய் மாநாடும், 1912இல் ஹேக் உடன்படிக்கையும் உருவாயின. இன்று நடைமுறையில் உள்ள அமைப்புக்கு அடிப்படையாக விளங்குவது 1961ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் ஒற்றை உடன்படிக்கையாகும்.

அவ்வுடன்படிக்கையின் முகவுரை இரண்டு செய்திகளைக் கூறுகிறது. போதைப் பழக்கம் மனித குலத்திற்குக் கேடு என்பது ஒன்று. வலியைத் தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை. அவை போதிய அளவு கிடைக்க வகை செய்யவேண்டும் என்பது மற்றொன்று. நாடுகள் முதற்செய்தியைச் சட்டமாக்கின. இரண்டாவதை முகவுரையிலேயே விட்டுவிட்டன.

1985ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விளைவும்

இந்தியாவில் போதைமருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம் 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கடத்தற்காரர்களை நோக்கி இயற்றப்பட்ட இச்சட்டம் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது பத்தாண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. கணக்கெழுதுவதில் நேரும் சிறு பிழைகூடச் சிறைக்கு வழிவகுக்குமோ என்று மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் அஞ்சின. மார்ஃபினை வாங்கி வைக்க ஒரு மருத்துவமனைக்கு நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. அவை வெவ்வேறு துறைகளிடமிருந்து பெறப்படவேண்டும். மருந்து வந்து சேரும் நாளில் அவை அனைத்தும் காலாவதியாகாமல் இருத்தலும் வேண்டும். விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபட்டமையால், ஒரு மாநிலத்திலிருந்து அடுத்த மாநிலத்திற்கு மருந்து செல்வதற்கும் தனி அனுமதிகள் வேண்டியிருந்தன.

இதன் விளைவாக நாட்டின் மார்ஃபின் பயன்பாடு ஏறத்தாழ 97 விழுக்காடு வீழ்ந்து, 1997இல் சுமார் 18 கிலோகிராம் அளவுக்குச் சுருங்கியது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் அபின் பயிரிட்டு, உலக மருந்துத் தொழிலுக்கு ஏற்றுமதி செய்துவந்த நாட்டில் இந்நிலை ஏற்பட்டது என்பது எண்ணத்தக்கது.

கோழிக்கோட்டில் பிறந்த சான்று

1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி, டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். நோயைக் குணப்படுத்த இயலாத நிலையிலும் வலியையும் பிற துன்பங்களையும் குறைத்து, குடும்பத்தாருக்கும் துணை நிற்பதே நோய்த்தணிப்புச் சிகிச்சை எனப்படுவது. கேரள மக்கள் இதனைப் ‘பாலியேட்டிவ்’ என்றே வழங்குகின்றனர்.

மார்ஃபினை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அது தவறான கைகளுக்குப் போய்விடும் என்பதே அரசு அலுவலர்களின் அச்சமாக இருந்தது. இவ்வச்சத்தைச் சங்கம் வாதத்தால் எதிர்கொள்ளவில்லை, கணக்கால் எதிர்கொண்டது. இரண்டாண்டுக் காலத்தில் வீட்டிலிருந்தபடியே வாய்வழி மார்ஃபின் உட்கொண்ட 1,723 நோயாளிகளின் விவரங்கள் ஆராயப்பட்டன. மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ கடத்தப்பட்டதாகவோ ஒரு நிகழ்வும் கண்டறியப்படவில்லை. இம்முடிவு 2001இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாகி, பிற நாடுகளின் கவனத்தையும் ஈர்த்தது.

மலப்புறம் மாவட்டத்தில் இப்பணி மருத்துவமனையை விட்டு ஊர்மக்களின் கைக்கு வந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடுதோறும் சென்றனர். ஊரார் சிறு தொகைகளைத் திரட்டி மருந்துச் செலவை ஏற்றனர். இவ்வனுபவத்தின் பயனாகக் கேரள அரசு 2008இல் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. செவிலியர் ஒருவர் நோயாளியின் இல்லத்திற்கே சென்று கவனிக்கும் முறை ஊராட்சிகளின் பொறுப்பில் மாநிலமெங்கும் பரவியது.

சட்டத் திருத்தம்

2003இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ‘பாலியம் இந்தியா’ என்னும் அறக்கட்டளை நிறுவப்பட்டது. கேரளத்திற்கு வெளியேயும் இச்சேவையைப் பரப்புவதும், சட்டத்தின் தடைகளை நீக்க முயல்வதும் அதன் நோக்கங்கள். 2007இல் இந்திய நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தினர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தனர். வலி தணிப்பைப் பெறுவது நோயாளியின் உரிமை என்னும் கருத்து நாடாளுமன்றம் வரை சென்றது. 2014 பிப்ரவரியில் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட இன்றியமையாத போதைமருந்துகள் குறித்து நாடு முழுமைக்கும் ஒரே விதி வகுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் அனுமதி ஒன்றைக் கொண்டே இம்மருந்துகளை வைத்திருக்க வழி ஏற்பட்டது.

உலக மன்றங்களில்

போதைமருந்துக் கொள்கையை வகுக்கும் ஐக்கிய நாடுகள் ஆணையம் வியன்னாவில் கூடுகிறது. அதில் வாக்குரிமை 53 உறுப்பு நாடுகளுக்கே உண்டு. தன்னார்வ அமைப்புகளுக்கு வாக்கு இல்லை. எனினும் ஆலோசனைத் தகுதி பெற்றவை கூட்டங்களில் கலந்துகொள்ளவும் அறிக்கைகள் அளிக்கவும் இயலும். இவற்றை ஒருங்கிணைக்க 1983இல் வியன்னாவில் ஒரு குழு அமைந்தது. சென்னையில் 1980இல் டி. டி. ரங்கநாதன் நினைவு மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவி, குடி மற்றும் போதை அடிமைகளுக்குச் சிகிச்சையளித்த திருமதி சாந்தி ரங்கநாதனுக்கு 1999இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா குடிமைச் சமூக விருது வழங்கப்பட்டது. தமிழகத்தின் தொண்டும் உலக அரங்கில் மதிக்கப்பட்டதற்கு இது சான்றாகும்.

வலி தணிப்பு மருந்துகள் போதிய அளவு கிடைக்கச் செய்வது பற்றி ஆணையம் 2010இலும் 2011இலும் தீர்மானங்கள் நிறைவேற்றியது. 2014 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை நோய்த்தணிப்புச் சிகிச்சையைச் சுகாதாரச் சேவையின் பகுதியாக வலுப்படுத்துமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 2016 ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த ஐக்கிய நாடுகள் சிறப்புக் கூட்டத்தின் முடிவு ஆவணத்தில், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் நோயாளிகளுக்குக் கிடைப்பது குறித்துத் தனிப்பகுதியே இடம்பெற்றது. முகவுரையில் முடங்கிக் கிடந்த கடமை அரை நூற்றாண்டுக்குப் பின் செயல்திட்டத்திற்கு வந்தது.

எனினும் ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை. லான்செட் ஆய்வுக் குழு 2017இல் அளித்த அறிக்கையின்படி, உலகில் ஓராண்டில் வழங்கப்பட்ட 298.5 டன் மார்ஃபின் நிகர் மருந்துகளுள் மிக வறிய நாடுகளுக்குச் சென்றது 0.1 டன் மட்டுமே.

ஊராட்சிப் பதிவேடும் உலகக் கணக்கும்

ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் தனக்கு வேண்டிய போதைமருந்தின் அளவை மதிப்பிட்டு, அனைத்துலகப் போதைமருந்துக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு அனுப்பவேண்டும். சென்ற ஆண்டு குறைவாகச் செலவாயிற்று என்பதால் இவ்வாண்டும் குறைவாக மதிப்பிட்டால், பற்றாக்குறையே நிலையான அளவாகிவிடும். வலியுடன் வாழ்வோர் எத்தனை பேர் என்பதை வீடுதோறும் கணக்கிட்டாலன்றி உண்மைத் தேவை வெளிப்படாது. அக்கணக்கின் முதல் வரி ஊராட்சிச் செவிலியரின் பதிவேட்டில் எழுதப்படுகிறது. பாறசாலை போன்ற ஊர்களின் பதிவேட்டிற்கும் வியன்னாவின் பேரேட்டிற்கும் உள்ள தொடர்பு இதுவே.

எல்லைப்புற ஊர்களில் இப்பணிக்குச் சில தனித்தேவைகள் உள்ளன. முதலாவது மொழி. வலியைக் கருவியால் அளக்க இயலாது. நோயாளியின் சொல்லே அளவுகோல். கடுப்பு, குத்து, எரிச்சல், உளைச்சல் என்று தமிழில் கூறப்படுபவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வலியைச் சுட்டக்கூடும். நரம்பு பாதிக்கப்பட்டதால் எழும் எரிச்சலுக்கு மார்ஃபின் மட்டும் போதாமற் போகலாம். ஆகவே, இச்சொற்களின் வேறுபாட்டை உணர்ந்த செவிலியரும் தொண்டரும் தேவை.

இரண்டாவது தொடர்ச்சி. குமரி மாவட்ட நோயாளிகள் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடிச் செல்வது வழக்கம். சிகிச்சை ஒரு மாநிலத்திலும் வீடு மறு மாநிலத்திலுமாக அமையும்போது, மாத்திரை தீர்ந்த நாளில் அடுத்த தவணையை எங்கே பெறுவது என்னும் கேள்வி எழுகிறது. நான்கு மணிக்கு ஒருமுறை உட்கொள்ளவேண்டிய மருந்துக்கு ஒரு நாள் தாமதம் என்பது ஆறு வேளை வலியாகும். 2014க்குப் பின் விதி ஒன்றாகிவிட்டது. அங்கீகாரம் பெற்ற மையங்கள் எல்லையின் இருபுறமும் இருத்தலும், அவை ஒன்றையொன்று அறிந்திருத்தலும் இனித் தேவை.

மூன்றாவது கண்காணிப்பு. கடத்தல் வழியிலுள்ள பகுதியில் மருந்தின் கணக்குச் சிறிதும் பிசகலாகாது. நோயாளி மறைந்தபின் எஞ்சிய மாத்திரைகளைத் திரும்பப் பெற்றுப் பதிவு செய்வதும், வீட்டில் மருந்தைப் பூட்டி வைக்கச் சொல்வதும் நோயாளிகளின் நலனையே காக்கும். ஒரே ஒரு முறைகேடு மீண்டும் கெடுபிடிகளை வரவழைக்கப் போதுமானது.

எச்சரிக்கையும் கடமையும்

தன்னார்வ அமைப்புகளின் செல்வாக்கு வளரும்போது அவற்றின் பொறுப்பும் வளர்கிறது. அமெரிக்காவில் வலிநிவாரணிகள் வரைமுறையின்றி விற்கப்பட்டு ஏராளமானோர் உயிரிழந்தனர். மருந்து நிறுவனங்களின் செல்வாக்குப் பற்றி ஐயம் எழுப்பப்பட்டதால், உலக சுகாதார நிறுவனமே 2019இல் தன் வழிகாட்டு நூல்கள் இரண்டைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆகவே, கொள்கை பற்றிப் பேசும் எந்த அமைப்பும் தன் நிதி எங்கிருந்து வருகிறது என்பதை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். ஊராரின் சிறு நன்கொடையால் வளர்ந்த கேரள முறை இவ்வகையிலும் பின்பற்றத்தக்கது.

அரசு சட்டம் இயற்றலாம். உலக மன்றம் தீர்மானம் நிறைவேற்றலாம். அவற்றின் பயன் நோயாளியின் வீட்டைச் சென்றடைகிறதா என்பதைக் காணவேண்டியவர்கள் உள்ளூர் மக்களே. இளைஞர் மன்றங்கள், மாதர் சங்கங்கள், நூலகங்கள், ஆலயங்கள் ஆகியவை தத்தம் ஊரில் படுக்கையில் இருப்போரின் பட்டியலை எடுத்து ஊராட்சியிடம் அளிக்க முன்வரவேண்டும். சாவடியின் விழிப்பும் செவிலியரின் வருகையும் ஒருங்கே நடைபெறும் ஊரில்தான் போதைமருந்துக் கொள்கை முழுமை பெறும்.