புதுமனையும் பொறுப்புறுதியும்

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்” என்பது நம் நாட்டு முதுமொழி. கட்டுங்காலத்துப் படும் இடரை அம்மொழி குறிக்கின்றதேயன்றி, கட்டி முடித்துக் குடிபுகுந்தபின் சுவர் வெடிப்பின் யாரை அழைப்பது, தளம் ஒழுகின் யார் செலவிற் செப்பனிடுவது என்பவற்றைக் குறிக்கவில்லை. இவ்வினாவிற்கு விடையாக இக்காலத்தில் வழங்குஞ் சொல் ‘வாரண்டி’ என்பது. உத்தரவாதம் என்றும் பொறுப்புறுதி என்றும் கூறலாம். வீட்டு விளம்பரங்களிலும், தளத்திற்கு நீர்க்காப்புப் பூசுவோர் தரும் அட்டைகளிலும் இச்சொல் மிகுதியாகக் காணப்படுகின்றது. ஆயின் ஒரே சொல்லால் வெவ்வேறு பொருள்கள் குறிக்கப்படுதலின் வாங்குவோர் மயங்குதற்கு இடமுண்டு. நம் பழைய மாணவருள் மனை வாங்குவோரும் வீடு கட்டுவோரும் பலராதலின், புதுச்சேரி நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வாம். புதுச்சேரியைத் தெரிந்ததற்குக் காரணம், இந்நகர் இவ்வொரு பொருளில் இரு நாட்டுச் சட்டங்களைக் கண்ட நகர் என்பதே.

கட்டியவனே பொறுப்பாவான் என்னுங் கருத்து மிகப் பழையது. ஏறக்குறைய 3,750 ஆண்டுகட்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில், வேலை செம்மையின்மையாற் சுவர் சாயுமாயின் கட்டியவன் தன் பொருளைக்கொண்டே அதனை உறுதிப்படுத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டுள்ளது. வீடு இடிந்து உடையவன் இறப்பின் கட்டியவனுக்குக் கொலைத்தண்டம் என்பதும் அதிலுண்டு. பின்னது நமக்கு வேண்டா. முன்னதே இன்றைய பொறுப்புறுதியின் வித்து.

1804ஆம் ஆண்டில் வெளிவந்த பிரெஞ்சுக் குடியியற் சட்டம் இக்கருத்தைத் தெளிவுபட வகுத்தது. மொத்த விலை பேசிக் கட்டிய கட்டடம், கட்டுமானக் குற்றத்தாலேனும் நிலத்தின் குற்றத்தாலேனும், முழுவதும் அல்லது ஒருபகுதி அழியுமாயின், அதனை வரைந்த கட்டடக்கலைஞரும் கட்டிய ஒப்பந்தக்காரரும் 10 ஆண்டு வரை பொறுப்பாவர் என்பது அதன் 1792ஆம் விதி. ‘நிலத்தின் குற்றத்தாலேனும்’ என்ற பகுதி ஊன்றி நோக்கத்தக்கது. “மண் இளகிற்று, நான் என் செய்வேன்?” என்று கட்டியவன் தப்புதற்கில்லை. மண்ணை ஆராய்ந்து அதற்கேற்ற கடைக்கால் இடுதல் அவன் தொழிலின் ஒரு கூறே என்பது அச்சட்டத்தின் கொள்கை. களிமண்ணும் கால்வாய்க்கரையும் உள்ள ஊரார்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். பிரெஞ்சுச் சட்டத்தொகுதிகள் 1819இல் புதுச்சேரியில் அறிவிக்கப்பட்டன.

பிரான்சு நாட்டார் பின்னர் ஒரு குறையைக் கண்டனர். பொறுப்பு ஏட்டில் இருப்பினும், கட்டியவன் இறந்துபட்டாலும் தொழில் நொடித்தாலும் வீட்டுக்காரன் யாரிடஞ் சென்று கேட்பான்? ஆதலின் 1978ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் இயற்றிய சட்டத்தால், கட்டுவோர் இப்பொறுப்பிற்குக் காப்பீடு செய்தல் கட்டாயமாக்கப்பட்டது. கட்டுவிப்பவனும் தனியே ஒரு காப்பீடு எடுத்தல் வேண்டும். பெருங்குறை தோன்றின் அக்காப்பீடு முதலிற் பணந்தந்து வேலையை முடிப்பிக்கும். குற்றம் யாருடையது என்னும் வழக்குப் பின்னர் நிகழும். ஒழுகுங் கூரையின்கீழ் இருந்துகொண்டு தீர்ப்பிற்குக் காத்திருக்கும் துன்பம் இதனால் நீங்குகின்றது. எம் கருத்தில் இதுவே அச்சட்டத்தின் தலைசிறந்த பகுதி.

புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய ஆட்சிக்கு மாறி, 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படி இணைந்தது. அதன்பின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் இந்தியச் சட்டங்கள் பல இங்கும் விரிக்கப்பட்டன. எனவே, இன்று இந்நகரில் வீடு வாங்குவோர் இந்தியச் சட்டங்களையே நாடுதல் வேண்டும்.

அவற்றுள் முதன்மையானது 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம். இதன் 14ஆம் பிரிவின்படி, வீடு ஒப்படைத்த நாள் முதல் 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்திறக் குறையோ தெரிவிக்கப்படின், விற்ற நிறுவனத்தார் 30 நாளுக்குள் தம் செலவில் அதனை நீக்குதல் வேண்டும். தவறின் இழப்பீடு தருதல் வேண்டும். இதற்கெனத் தனிக் கட்டணம் இல்லை. விளம்பரத்தில் அச்சிட்டாலும் அச்சிடாவிட்டாலும் இவ்வுரிமை உண்டு. ஆகவே “ஐந்தாண்டு வாரண்டி இலவசம்” என்று ஒருவர் பெருமிதத்துடன் கூறுவாராயின், சட்டம் முன்னரே தந்ததைத் தாம் தருவதாகக் கூறுகின்றார் என்று அறிக. முதலில் வாங்கியவரிடமிருந்து அவ்வைந்தாண்டுக்குள் வீட்டை வாங்கியவருக்கும் எஞ்சிய காலத்தின் பயன் சேரும். வாடகைக்கு இருப்போர்க்கு இல்லை. நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ உள்ள திட்டங்கட்குப் பதிவு கட்டாயமன்று. ஆதலின் முன்பணந் தருமுன் அத்திட்டம் புதுவை ஆணையத்தின் பதிவேட்டில் உளதா என்று பார்த்துக்கொள்ளல் நலம்.

இனி, நம் மக்களுட் பலர் அடுக்கு வீடு வாங்குவதில்லை. முதலில் ஒரு மனை வாங்குவர்; சில ஆண்டு கழித்து ஒரு மேஸ்திரியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ சதுர அடிக்கு இவ்வளவு எனப் பேசிக் கட்டுவர். அன்னார்க்கு மேற்கூறிய ஐந்தாண்டுப் பொறுப்பு இல்லை. அது விற்பனைக்கெனக் கட்டுவோரையே பற்றியது. பிரெஞ்சுக் காலத்துப் பத்தாண்டுப் பொறுப்பு மொத்த விலை பேசிக் கட்டிய இத்தகைய வீட்டையே கருதி எழுந்தது என்பதை நினைக்கும்போது, நாம் பெற்றதோடு இழந்ததும் உண்டு என்றே சொல்லத் தோன்றுகின்றது. வீடு கட்டித் தருதலும் ஒரு சேவையே என்று உச்சநீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்துள்ளமையால், குறையுடைய வேலைக்கு நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வழக்கிற்குரிய காரணம் எழுந்து 2 ஆண்டுக்குள் முறையிடல் வேண்டும். ஆயினும் அங்கே முதலிற் கேட்கப்படும் வினா, “என்ன பேசினீர்கள்? எழுத்து எங்கே?” என்பதாகும்.

ஆகவே எழுதிக்கொள்ளல் வேண்டும். எழுதுங்கால் பலரும் கருதாத ஒன்று, காலம். புதுச்சேரிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருவது. தை மாதத்திற் குடிபுகுந்த ஒருவர்க்கு ஆறுமாத உறுதி தரப்படுமாயின், அஃது ஆனியோடு முடியும். பெருமழை ஒன்றையும் அவ்வுறுதி காணாது! தளத்தின் ஒழுக்கும் சுவரின் ஓதமும் தெரியவேண்டின், ஒரு வடகிழக்குப் பருவமழையேனும் உறுதிக்காலத்துள் அடங்குதல் வேண்டும். இரண்டு அடங்குமாயின் மிக நன்று. 2024 நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் இந்நகரருகே கரைகடந்தபோது பெய்ததுபோன்ற மழை, எந்தப் பொறியாளர் சான்றினும் வலிய சோதனை.

அடுத்தது பணம். ஒப்பந்தத் தொகை 40 இலட்சமாயின் அதில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 2 இலட்சம், பருவமழை கழியும்வரை கொடாது நிறுத்திவைப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளலாம். அரசினர் பொதுப்பணிகளில் இவ்வாறு பிடித்தம் செய்வது நெடுநாள் வழக்கமாதலின், ஒப்பந்தக்காரர்க்கு இது புதிதன்று. முழுப்பணமும் பெற்றுவிட்டவரைத் தேடிப் பலமுறை நடப்பதினும் இஃது எளிது. ஆனால் குறை ஒன்றும் இன்றேல் குறித்த நாளில் அத்தொகையைத் தந்துவிடல் வேண்டும்; கொத்தனாரின் கூலியும் அதனுள் அடங்கியிருத்தல் கூடும்.

உறுதி எதைக் காவாது என்பதையும் அறிதல் வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் புதுச்சேரி ஆட்டுப்பட்டிப் பகுதியில், புதிதாகக் கட்டப்பெற்றுக் குடிபுகாதிருந்த மூன்றடுக்கு வீடு ஒன்று சரிந்து வீழ்ந்தது. அருகே கால்வாய்ப் பணிக்குப் பள்ளந் தோண்டப்பட்டதைச் செய்தித்தாள்கள் எழுதின. குற்றம் யாருடையது என்று கூறுதல் எம் வேலையன்று. ஆயின் இத்தகைய நிகழ்ச்சியில், ‘வெளியிலிருந்து வந்த காரணம்’ என்று கூறிக் கட்டியவர் பொறுப்பினின்று விலக முயலலாம். பிரெஞ்சுச் சட்டமும் அதற்கு இடந்தருகின்றது.

அப்படியாயின் காப்பீடு உதவுமோ எனின், அதுவும் ஆராயத்தக்கது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் ஒரே பொதுத்திட்டத்தை வழங்குகின்றன. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் முதலியவற்றால் வீட்டிற்கு வருங் கேடு அதில் அடங்கும். நிலம் அமிழ்தலும் அடங்கும். ஆனால் புதுக்கட்டடம் இயல்பாகச் சிறிது அமர்தல், குறையுடைய வேலை, குறையுடைய பொருள், தோண்டும் பணி ஆகியவற்றால் அமிழ்ந்ததாயின் அடங்காது. எனவே பொறுப்புறுதி வேலையின் குறைக்கு. காப்பீடு எதிர்பாராக் கேட்டிற்கு. ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஒரு பத்திரத்தோடு அமைவோர் பலர்.

அமெரிக்க நாட்டில் ‘வீட்டு வாரண்டி’ என விற்கப்படுவது இவ்விரண்டும் அன்று. ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால், குளிர்சாதனம், நீர்க்குழாய், மின்னமைப்பு முதலியன தேய்ந்து பழுதாகும்போது ஆளனுப்பிச் செப்பனிடுவர். ஒவ்வொரு வரவிற்கும் சிறு கட்டணம் உண்டு. முன்னரே இருந்த பழுதிற்கு உதவி இல்லை. நம்மூரில் நீர் சுத்திகரிப்புப் பொறிக்குச் செய்துகொள்ளும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை முழுவீட்டிற்கும் விரித்தாற்போன்றது எனலாம்.

பழைய வீடு வாங்குவோர் நிலை வேறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, விற்பவர் தாம் அறிந்ததும், வாங்குபவர் இயல்பான கவனத்தாற் காணவியலாததுமான பெருங்குறையைச் சொல்லியாகல் வேண்டும். கண்ணாற் காணத்தக்க குறையோ வாங்குவோர் பொறுப்பு. பிரெஞ்சு நகர்ப்பகுதியிலும் தமிழர் பகுதியிலும் உள்ள பழைய மனைகளில், மரவுத்தரங்களின்மேற் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பிட்ட மெட்ராஸ் தளங்கள் பல. அவ்வுத்தரங்கள் நடுவில் திண்ணியனவாகத் தோன்றும். சுவருட் புகுந்த முனையிலேயே நீர் ஊறி உளுத்துப்போம். கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘மேரி’ என்னும் நகராட்சிக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்து, 2021இல் பழைய உருவிற் புதிதாக எழுந்தது. ஆதலின் பழைய மனைக்கு விலை பேசுமுன், மரவேலை அறிந்த ஒருவரை அழைத்து உத்தர முனைகளைத் தட்டிப் பார்க்கச் செய்க. கூடுமாயின் கார்த்திகை மாதத்தில், மழை விட்ட மறுநாட் காலையில்.