பத்தாயத்தில் புத்தகங்கள்

நிலத்தடி அறை நாஞ்சில் நாட்டு வீடுகளுக்குப் பழக்கமன்று; இரண்டு பருவமழைகளும் பெய்கின்ற இப்பிரதேசத்தில், முன்னோர் பொருள்களை மச்சிலும் பத்தாயத்திலும் உயர்த்தி வைத்ததே விவேகம். நெல் ஒழிந்து வெறுமையாய்க் கிடக்கும் பத்தாயத்தைப் புத்தக அலமாரியாக்க விரும்புவோர், செல்லரித்த தடயம் உண்டா என்று தட்டிப் பார்த்து, முன்பக்கப் பலகைகளைக் கழற்றி வெயிலில் உலர்த்தி, அவற்றையே உள்ளே தட்டுகளாக அடித்துக்கொள்வது உத்தமம். மீண்டும் மூடிவிட்டால் காற்றோட்டமின்றிப் பூஞ்சணம் பற்றும்.

பலகை மூன்றடிக்கு மேல் நீளுமாயின் நடுவே ஒரு தாங்கல் அவசியம். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஆறு பாகங்களையும் ஒருங்கே ஏற்றினால், தாங்கலற்ற பலகை நாளடைவில் வளைந்தே தீரும். அலமாரியைச் சுவரினின்று நான்கு விரற்கடை விலக்கி, கால்களுக்கடியில் கல் வைத்து நிறுத்துக. ஓலைச்சுவடிகளைப் பூச்சியினின்று காத்த வசம்பைத் துணியில் முடிந்து தட்டுதோறும் வைக்கலாம். வேப்பிலையும் நன்றே, ஆனால் சருகாக உலராத இலை, ஈரத்தை விருந்துக்கு அழைப்பதாகும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் சன்னலை அடைத்து, மழை வெறித்ததும் திறந்துவிடுக. அடித்தட்டில் பித்தளைப் பாத்திரங்களை வையுங்கள்; புத்தகம் வேண்டாம்.