சுவர் காய்ந்த பிறகு கலர் பார்ப்போம்



கார்த்திகை பிறந்தாலே நம் குழுக் கூட்டங்களில் உள்கடன் கேட்க ஒரு காரணம் வந்துவிடும். "பொங்கல் வருது, வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கணும்." நல்ல காரணம்தான். வருஷம் முழுக்க உழைக்கிறவர்கள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா? ஆனால் கடைக்காரர் கொடுக்கிற கலர் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் நம் வீட்டுச் சுவரையும் வாசலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த மாதப் பாடம் அதுதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நம் பக்கம் யாரும் மறக்கவில்லை. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அதற்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, விழுப்புரம் பக்கம் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆறே வாரத்தில் பொங்கல். தண்ணீர் வடிந்த கையோடு அவசரமாக பெயிண்ட் அடித்த சுவர்களைச் சித்திரையில் போய்ப் பாருங்கள், எப்படி இருக்கும்? தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு பெயிண்ட் கொப்பளித்து அப்பளம் மாதிரி உரிந்து விழும்.

பெயிண்டர் மேல் மட்டும் பழி போட முடியாது. எமல்ஷன் பெயிண்ட் காய்ந்ததும் சுவரின் மேல் ஒரு மெல்லிய தோல் போலப் படிந்துவிடும். செங்கல் உள்ளே வைத்திருக்கும் ஈரம் வெளியே வரப் பார்க்கும். வழி கிடைக்காமல் பெயிண்டைத் தள்ளும். மண்ணிலும் தண்ணீரிலும் உப்பு இருந்தால் அதுவும் ஈரத்தோடு வந்து வெள்ளையாகப் பூக்கும். 10,000 ரூபாய் உள்கடன், மாதம் 1,000 ரூபாய் அசல் என்று வைத்துக்கொள்வோம். பெயிண்ட் சித்திரையிலேயே உதிர்ந்துவிடும், தவணை மட்டும் ஐப்பசி வரைக்கும் ஓடும்.

சுவர் காய்ந்ததா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி இருக்கிறது. ஒரு அடிச் சதுரத்துக்கு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் இருக்கிறதா? அப்படியானால் இன்னும் பொறுக்க வேண்டும். புதுசாக சிமெண்ட் பூசிய இடத்துக்கும் குறைந்தது 28 நாள் விடவேண்டும்.

இந்த வருஷம் வெள்ளமே வரவில்லை, ஆனாலும் சுவர் ஈரமாக இருக்கிறது என்றால் வாசலைப் பாருங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் சுவர் ஓரமாக ஓடுகிறதா? கூரைத் தண்ணீர் அடிச்சுவரிலேயே சொட்டுகிறதா? செடி பச்சையாக இருக்கட்டும் என்று சுவரை ஒட்டி மண்ணைக் குவித்து வைத்திருக்கிறோமா? இவை மூன்றும் இருந்தால் என்ன விலை பெயிண்டும் நிற்காது. முதலில் மண்ணை இழுத்து, தண்ணீர் வீட்டைவிட்டு வெளியே ஓடும்படி சரிவு செய்யுங்கள். மண்வெட்டி வேலைதான், கடன் வேண்டாம்.

இன்னொன்று, சுண்ணாம்பு. "அதெல்லாம் பழைய காலம் மேடம்" என்று சிரிப்பார்கள். சிமெண்ட் வருவதற்கு முன்னால் கட்டிய செஞ்சிக் கோட்டைக் கட்டடங்கள் சுண்ணாம்புச் சாந்தில் நிற்கின்றன. சுண்ணாம்பு அடித்த சுவர் ஈரத்தை வெளியே விடும், பூஞ்சை சீக்கிரம் பிடிக்காது, செலவும் குறைவு. நன்றாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். ஏற்கெனவே பெயிண்ட் உள்ள சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது, சுரண்டித்தான் ஆகவேண்டும். கல் சுண்ணாம்பைக் கரைக்கும்போது கொதிக்கும். தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது. கண்ணில் தெறித்தால் நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இப்போது கலருக்கு வருவோம். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு அறைக்கு ஒரு ஜன்னல். அங்கே ராமர் பச்சையும் ஊதாவும் அடித்தால் பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கும். கலர் அட்டையில் அழகாகத் தெரிவது நாலு சுவரிலும் அடித்தால் இன்னும் அழுத்தமாகத் தெரியும். வெள்ளை, சந்தனம், இளம் மஞ்சள் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். பிள்ளைகள் படிக்க நல்லது. மேல்தளம் எப்போதும் வெள்ளை. ஆசைப்பட்ட அடர் கலரை ஜன்னலுக்கு எதிரே உள்ள ஒரே ஒரு சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். விறகு அடுப்பு உள்ள இடத்தில் மட்டும் துடைக்கிற மாதிரி பெயிண்ட் அடியுங்கள்.

கதவு, கிரில்லுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டில் கவனம் தேவை. பளீர் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களுக்காக முன்பு ஈயம் கலந்த பொடிகளைச் சேர்த்தார்கள். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மத்திய அரசு 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பர் முதல் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. டப்பாவில் அந்த வாசகம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பில் வாங்குங்கள். அதற்கு முந்தைய பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதாக இருந்தால் தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும்.

எவ்வளவு வாங்குவது? 10-க்கு 12 அடி அறை, 9 அடி உயரம் என்றால் நாலு சுவரும் 396 சதுர அடி. கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் ஏறக்குறைய 350. ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 100 சதுர அடி வரும் என்றால் 4 லிட்டர் டப்பா ஒன்று போதும். ஒரு அறைக்கு 10 லிட்டர் வாங்கி மீதியைப் பரணில் போடாதீர்கள்.

வாசலில் கோலம் போட இடம் விட்டு, சுவரிலிருந்து மூன்று அடி தள்ளிச் செடி வையுங்கள். குளித்த தண்ணீர் போகிற வழியில் வாழையும் கல்வாழையும் தானாக வளரும். கனகாம்பரம் தலைக்கும் ஆகும், விற்கவும் ஆகும். முருங்கை மட்டும் வீட்டை ஒட்டி வேண்டாம்; காத்துக்கு முதலில் முறிவது அதன் கிளைதான். காலி பெயிண்ட் டப்பாவை அப்படியே வெளியே போட்டால் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வரும். அடியில் நாலு ஓட்டை போட்டு பூச்செடி வைக்கலாம், கீரை மட்டும் அதில் வேண்டாம்.

பெயிண்ட் கடன் கேட்க நினைக்கும் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அறையின் அளவை ஒரு தாளில் எழுதி வாருங்கள். பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பார்த்தீர்களா என்றும் ஊக்குநர் கேட்பார்.