எப்பம் வந்த, எப்பம் போவ?

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் பெட்டியோடு இறங்கினால், எதிரே வருகிற தெரிந்த முகம் கேட்கும்: "எப்பம் வந்த மக்கா?" பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வரும்: "எப்பம் போவ?" 1998 முதல் 2022 வரை, 24 ஆண்டுகள், இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் வாழ்ந்தேன். நூற்பாலை ஒன்றின் ஸ்டோரில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், எஸ்.ஏ.பி. படித்து, கொள்முதல், சரக்குப் பிரிவுக்கு ஆலோசகனாகி, புனே, வடோதரா, துபாய், பிராங்க்ஃபர்ட் என்று திரிந்தேன். இப்போது பூதப்பாண்டி பக்கம் வீட்டோடு இருக்கிறேன். இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் சாயங்காலம் வந்து கேட்பதற்குச் சொன்ன பதில்களை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

வேலை இன்னது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே கட்டுக்குள் கொண்டுவருவது வணிக மென்பொருள். ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய ஐந்து பொறியாளர்கள் 1972இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. என்ற நிறுவனத்தின் மென்பொருள் அந்த வகை. அப்படி ஒரு மென்பொருளை ஒரு நிறுவனத்துக்குப் பொருத்த, அவர்கள் இடத்துக்கே போய் மாதக்கணக்கில் தங்கி, அவர்கள் வேலையைப் புரிந்துகொண்டு, அமைத்துக் கொடுத்து, சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர் ஆலோசகர். நாம் போய்விடுகிறவர்கள், அவர்கள் அங்கேயே இருக்கப் போகிறவர்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

1. முதலில் ஒரு தொழிலைப் படியுங்கள்

திரையில் எதை எங்கே அழுத்துவது என்பதை மூன்று மாதத்தில் கற்றுவிடலாம். சரக்கு எப்படி நகர்கிறது, அதன் கணக்கு எங்கே பிறக்கிறது என்பது அத்தனை சீக்கிரம் பிடிபடாது. அதற்கான பள்ளிக்கூடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒரு முந்திரி ஆலையில் ஒரு நாள் நில்லுங்கள். பெரும்பாலான தொழிற்சாலைகளில் பல பொருள் சேர்ந்து ஒன்றாகிறது. முந்திரியில் ஒரே கொட்டை உடைந்து முழுப் பருப்பு, பாதி, துண்டு, தோடு என்று பலவாகப் பிரிகிறது. முழுப் பருப்பிலும் டபிள்யூ 180, 240, 320 என்று தரங்கள் உண்டு. ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்பதை வைத்து வந்த எண்கள் அவை. ஒரு மூட்டைக் கொட்டைக்குக் கொடுத்த விலையை இத்தனை தரத்துக்கும் எப்படிப் பங்கிடுவீர்கள்?

ரப்பர் பால் வாங்கும் இடத்துக்குப் போங்கள். நிறுப்பது பாலை, விலை போடுவது தண்ணீர் நீங்கி எஞ்சும் உலர்ந்த ரப்பருக்கு. ஒரே சரக்குக்கு இரண்டு அளவு. தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலை விலை பொழுது ஏறினால் நிற்காது. இந்த மூன்றையும் நின்று நிதானமாகப் பார்த்த பிள்ளைக்கு, எந்த ஊர்த் தொழிற்சாலையும் அந்நியமாகத் தெரியாது.

2. இல்லாத அனுபவத்தை எழுதாதீர்கள்

"மூன்று வருட அனுபவச் சான்று நாங்களே தருகிறோம்" என்று சொல்லிப் பணம் வாங்கும் பயிற்சி நிலையங்கள் உண்டு. அந்தப் படி ஏறாதீர்கள். வேலையில் சேர்ந்தபின் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கே உண்மையைக் காட்டிவிடும். அகப்படாமல் தப்பினாலும் தீங்கு நிற்காது. உங்கள் கைக்கு வரப்போவது ஆயிரம் பேருடைய சம்பளக் கணக்கு. தெரியாத கை அதில் பட்டால் மாதக் கடைசியில் ஏதோ ஒரு வீட்டில் அடுப்பு தடுமாறும். கோட்டாறு கடை ஒன்றில் இரண்டு வருடம் டேலியில் கணக்கு எழுதியிருக்கிறீர்களா? அதை அப்படியே எழுதுங்கள். அது மெய்யான அனுபவம், அதை மதிக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள்.

3. முதல் வாரம் ஸ்டோரில் உட்காருங்கள்

புது நிறுவனத்தில் காலடி வைத்ததும் குளிரூட்டிய கூட்ட அறையில் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டுவார்கள். மேலாளர் சொல்வது வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை. அது எப்படி நடக்கிறது என்பது ஸ்டோர்கீப்பருக்கும் எடைமேடைக்காரருக்கும் தெரியும். 30 வருடமாக அங்கே இருப்பவரிடம் நேற்று வந்த நாம் பணிந்துதான் கேட்க வேண்டும். நம் பக்கத்தில் அண்ணாச்சி, குஜராத்தில் பாய், மகாராஷ்டிரத்தில் காகா. அந்தந்த ஊர் மரியாதைச் சொல்லை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். அவர் மேசை இழுப்பில் ஒரு பழைய நோட்டு இருக்கும். கணினியில் ஏறாத உண்மையெல்லாம் அதில் இருக்கும். அவராக அதை எடுத்துக் காட்டும் நாளில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது.

4. பொருந்தாததை முதல் மாதமே எழுதிக் காட்டுங்கள்

லிடில் என்ற ஜெர்மன் சில்லறை வணிக நிறுவனம் ஏழு ஆண்டுகள் உழைத்த எஸ்.ஏ.பி. திட்டத்தை 2018இல் கைவிட்டது. சுமார் 50 கோடி யூரோ செலவானதாகப் பத்திரிகைகள் எழுதின. அவர்கள் சரக்கை வாங்கிய விலையில் கணக்கிட்டுப் பழகியவர்கள். மென்பொருளின் வழக்கமான அமைப்போ விற்கும் விலையைக் கொண்டது. பழக்கத்தை மாற்ற நிறுவனம் விரும்பவில்லை என்றும், மென்பொருளை மாற்றி மாற்றி அமைத்ததில் வேலை பெருகியது என்றும் அப்போது சொல்லப்பட்டது. இப்படிப்பட்ட முரண் சின்னதாக எல்லா நிறுவனத்திலும் இருக்கும். "பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளாதீர்கள். எது மாற வேண்டும், அதற்கு என்ன செலவு என்று தாளில் எழுதி, முடிவெடுக்க வேண்டியவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

5. பருவம் பார்த்துத் தொடங்குங்கள்

அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற சாக்லேட் நிறுவனம் 1999 ஜூலையில் எஸ்.ஏ.பி.யையும் வேறு இரண்டு மென்பொருள்களையும் ஒன்றாகத் தொடங்கியது. அக்டோபர் கடைசியில் ஹாலோவீன். மிட்டாய் அதிகமாக விற்கும் காலம். கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டருக்கு அனுப்ப முடியாமல் போயிற்று. திட்டக் காலத்தைச் சுருக்கி, விற்பனைப் பருவத்தின் வாசலில் தொடங்கியதன் பலன் அது.

கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைவித்த நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் நாளைக் கேட்டுத்தான் நாற்றுப் பாவுவோம். நிறுவனத்தின் பருவம் எது என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். நம் நாட்டில் ஏப்ரல் 1 வசதியான நாள், தொடக்க இருப்பு சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் கணக்குப் பிரிவு போன ஆண்டை முடிக்கத் திணறுவதும் அந்த வாரங்களில்தான். எந்த நாளானாலும், பழையதிலிருந்து புதியதற்கு மாறுவதை இரண்டு முறை முழுதாக ஒத்திகை பார்க்காமல் தொடங்காதீர்கள்.

6. தவறு செய்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள்

மேற்கு இந்தியாவில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. தொடக்கச் சரக்கு இருப்பை ஏற்றியவன் நான். 25 கிலோ மூட்டைகளின் எண்ணிக்கையைக் கிலோவாக ஏற்றிவிட்டேன். 400 மூட்டை இருந்த இடத்தில் 400 கிலோ. இரவு பத்து மணிக்குக் கண்டுபிடித்தேன். யாருக்கும் தெரியாமல் விடிவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள், இரவோடு இரவாக ஓடும் தேவைத் திட்டம், சரக்கு தீர்ந்துவிட்டதென்று கணக்கிட்டுக் கொள்முதல் கோரிக்கைகளை எழுப்பிவிட்டது. காலையில் அதை நம்பிச் சில ஆர்டர்கள் போய்விட்டன. மத்தியானம் ஸ்டோர்கீப்பர் வந்து, "இத்தனை மூட்டையை நான் எங்கே வைப்பேன்?" என்று கேட்டபோதுதான் வாய் திறந்தேன். அவரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு விற்பனையாளராகத் தொலைபேசியில் கூப்பிட்டு ரத்து செய்தோம். இரவே சொல்லியிருந்தால் ஒரு மணி நேர வேலை. அந்த மௌனத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

அலகுகளை மூன்று முறை சரிபாருங்கள். ஒரே பொருளுக்கு நாலு பெயரில் நாலு குறியீடு இருந்தால், ஏற்றுவதற்கு முன் ஒன்றாக்குங்கள்.

7. உங்களைத் தேடாத நிலையில் விட்டுவிட்டு வாருங்கள்

சிலர் முக்கியமானதைத் தங்கள் மூளையிலேயே வைத்துக்கொள்கிறார்கள், திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்ற எண்ணத்தில். அது அறமில்லை. ஒவ்வொரு வேலையையும் படிப்படியாக, அவர்கள் பேசும் மொழியில் எழுதிக் கொடுங்கள். உங்கள் கையில் மவுஸ் இருக்கும்வரை அவர்கள் கற்கவில்லை என்று கொள்ளுங்கள். அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் நாற்காலியின் பின்னால் நில்லுங்கள். தொடங்கியபின் வரும் முதல் மாத முடிவை அவர்கள் தாங்களே முடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் மட்டும் இருங்கள்.

8. சட்டம் மாறும்போது நீங்களும் மாறுங்கள்

2007இல் தமிழ்நாட்டுக்கு வாட் வந்தது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி., 2018 ஏப்ரலில் மாநிலம் கடக்கும் சரக்குக்கு இ-வே பில், 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின்-விலைப்பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பெட்டி கட்டினோம். இப்போது பழைய எஸ்.ஏ.பி. பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது. 2015இல் வந்த எஸ்/4 ஹானாவுக்கு நிறுவனங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு அதில் இடம் உண்டு. திரை மாறும், சட்டம் மாறும். வரவு எது பற்று எது என்பது மாறாது. அதை முதலில் திடமாகப் பிடியுங்கள்.

9. பயணத் தாள்களில் அலட்சியம் வேண்டாம்

அமெரிக்காவின் பி-1 விசாவில் கூட்டத்துக்குப் போகலாம், பேசலாம். அங்கே உட்கார்ந்து வாடிக்கையாளரின் வேலையைச் செய்ய அது அனுமதி ஆகாது. ஷெங்கன் குறுகியகால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். "எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள்" என்று யார் சொன்னாலும், குடிவரவு அதிகாரி முன் நிற்பது நீங்கள். உள்ளே போன நாள், வெளியே வந்த நாள் இரண்டையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். 182 நாள் என்ற எல்லை வருமான வரியில் உங்கள் நிலையை மாற்றக்கூடியது. பில்களை அன்றன்றே எடுத்துவையுங்கள்.

10. உடம்பையும் மனசையும் பட்டினி போடாதீர்கள்

தினப்படியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ரொட்டியும் நூடுல்ஸும் தின்று ஆறு மாதம் ஓட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மிச்சம் பிடித்த காசு பிறகு மருத்துவரிடம் போனது. சமையலறை உள்ள அறையாகக் கேளுங்கள். ஒரு கிலோ சம்பா அரிசியும் கொஞ்சம் உளுந்தும் பெட்டியில் இருந்தால், எந்தக் குளிர் ஊரிலும் கஞ்சி வைக்கலாம்.

தனிமை அதைவிடக் கடுமையானது. வீரநாராயணமங்கலத்தில் பிறந்த எழுத்தாளர் நாஞ்சில் நாடன் பம்பாய்க்கு வேலைக்குப் போனவர், விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தவர். அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் நம் வயலையும் மொழியையும் எழுதினார். 2010இல் சாகித்ய அகாதெமி விருதும் வந்தது. எல்லாரும் எழுத்தாளராக வேண்டாம். விடுதி அறையில் படிக்க ஒரு தமிழ்ப் புத்தகமாவது இருக்கட்டும்.

11. வீட்டுக்கு வரும் தேதியைத் திட்டத்தில் எழுதுங்கள்

என் மகளுக்கு நாலு வயது இருக்கும்போது, நான் வந்து இறங்கியதும் என் பெட்டியை இழுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளி, போர்வையால் மூடிவைப்பாள். பெட்டி கிடைக்காவிட்டால் அப்பா போகமாட்டார் என்று அவள் கணக்கு. அதன்பிறகுதான் கற்றுக்கொண்டேன். டிசம்பரில் கணக்கு முடிக்கும் நிறுவனங்களுக்குச் சுசீந்திரம் மார்கழித் தேர் நெருக்கடி நேரத்தில் வரும். கிறிஸ்துமஸும் அப்படித்தான். ஆறு மாதம் முன்பே, திட்ட அட்டவணை உறுதியாவதற்கு முன்பே, என் நாட்களை அதில் எழுதச் சொன்னேன். எந்த மேலாளரும் மறுக்கவில்லை. அதே வாரத்தில் கேட்டபோதெல்லாம் கிடைக்கவில்லை. ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது. திறக்கும் அன்றே கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் படுக்கையைப் பிடித்துவிடுங்கள்.

வீட்டில் "எப்பம் போவ?" என்று கேட்டால் மழுப்பாமல் போகும் தேதியைச் சொல்லுங்கள். கூடவே, திரும்பி வரும் தேதியையும் சொல்லுங்கள். சொன்ன தேதியில் வாசலில் வந்து நில்லுங்கள்.